நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் போன் சார்ஜ் தீருகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஒரு டீக்கடை. மாலை ஆறரை மணி, இருட்டத் தொடங்கியிருந்தது. 300 கிலோமீட்டர் பி.ஆர்.எம். ஓட்டத்தில் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) காலை ஆறு மணிக்குச் சென்னையில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். டீயும் இரண்டு பன்னும் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்கப் போனை எடுத்தால் திரை கறுப்பாக இருந்தது. பையில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க். அதன் நான்கு விளக்குகளும் எரிந்தன; நிறைய மிச்சம் இருந்தது. கேபிளும் காலையிலிருந்து சொருகியபடியேதான் இருந்தது. போன் மட்டும் செத்திருந்தது.

கடைக்கார அக்கா, "போன் உயிர் வந்ததும் அனுப்பு தம்பி, இல்லன்னா அடுத்த வாட்டி வரும்போது கொடு" என்றார். கேபிளை உருவி மறுபடி சொருகினேன். சார்ஜ் ஏற ஆரம்பித்தது. பத்து நிமிடம் கழித்துப் போன் எழுந்தபோது அம்மாவிடமிருந்து பதினோரு தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன.

அன்று வரை எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், இன்னும் பெரிய பவர் பேங்க் வாங்குவது. இருட்டில் மீதி 110 கிலோமீட்டர் ஓட்டும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்: மின்சாரம் கையில் இருந்தது, போனுக்குப் போகவில்லை. இன்னொரு பவர் பேங்க் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு நீண்ட ரைடிலும் சார்ஜ் எங்கே போகிறது என்று குறித்து வைக்க ஆரம்பித்தேன். கீழே உள்ளதை உங்கள் போன் காட்டும் அறிகுறியை வைத்துப் படியுங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் செய்யுங்கள். அது இல்லாமல் மற்றவை வெறும் ஊகம்.

முதலில் ஓர் அளவு

ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகப் போகும் இரண்டு மணி நேர ரைடு போதும். 100 சதவீதத்தில் கிளம்பாதீர்கள். பல போன்கள் 100-ல் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும், கணக்கு பொய்யாகும். 90-ல் தொடங்குங்கள். முதல் ஒரு மணி நேரம், நீங்கள் எப்போதும் எப்படி வைப்பீர்களோ அப்படியே: ஹேண்டில்பாரில் போன், திரையில் மேப், பின்னணியில் போன பாதையைக் குறித்துக்கொள்ளும் செயலியின் பதிவு. எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். அடுத்த ஒரு மணி நேரம் திரையை அணைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டுப் பதிவை மட்டும் ஓட விடுங்கள்.

என் போனில் முதல் மணிக்கு 16 சதவீதம், இரண்டாவது மணிக்கு 5. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், விகிதம் பெரிதாக மாறாது.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம்.முக்கு நேர வரம்பு 13.5 மணி. திரை எரிந்தால் 13.5 பெருக்கல் 16, அதாவது 216 சதவீதம். போனுக்கு இரண்டு உயிருக்கு மேல் வேண்டும். திரை அணைந்திருந்தால் 67 சதவீதம். பவர் பேங்கே தேவையில்லை. 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நீங்கள் ஓட்டும் தூரத்துக்கு உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடையில் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: சிக்னல் நன்றாக இருக்கிறது, சூடும் இல்லை, ஆனாலும் மூன்று மணி நேரத்தில் பாதி காலி

திரைதான். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் என்று என் கூட ஓட்டுபவர்களைப் பார்த்துத் தைரியமாகச் சொல்வேன். பழியை ஜிபிஎஸ் மீது போடுவது வழக்கம். ஜிபிஎஸ் சிப் செயற்கைக்கோள் அனுப்புவதைக் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கிறது; எதையும் திருப்பி அனுப்புவதில்லை. திரையோ வெயிலோடு போட்டி போடுகிறது. தானியங்கி வெளிச்சத்தை விட்டுவைத்தால், உச்சி வெயிலில் போன் தன் வழக்கமான உச்சத்தையும் தாண்டிப் போகும். வீட்டுக்குள் நீங்கள் கையால் எவ்வளவு ஏற்றினாலும் அந்த வெளிச்சம் வராது. வெளியே தானாக வரும்.

பரிகாரம் எளிது, பழகத்தான் நாளாகும். நீளமான சாலையில் மேப் எதற்கு? கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரை என்ற இடத்தைத் தாண்டினால் மாமல்லபுரம் வரை திரும்புவதற்கு என்ன இருக்கிறது? வழியை முன்னாலேயே ஏற்றிவைத்து, திருப்பங்களைக் குரலில் சொல்லச் செய்யுங்கள். போன் சட்டைப் பையிலிருந்தே "இடது பக்கம் திரும்பவும்" என்று சொல்லும். சந்தேகம் வந்தால் மட்டும் எடுத்துப் பாருங்கள். திருப்பங்களை ஒரு சின்னத் தாளில் எழுதி டாப் டியூபில் (சைக்கிள் சட்டத்தின் மேல் குழாய்) ஒட்டிவைக்கும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் போன் இரவு வரை நிற்கிறது.

திரையை அணைத்துவிட்டேன், ஆனாலும் இறங்குகிறது என்றால் ஒன்றைச் சோதியுங்கள். போனைத் தூக்கினால் திரை எழும் வசதி பல போன்களில் இருக்கிறது. ஹேண்டில்பாரில் மாட்டிய போனுக்கு ஒவ்வொரு குழியும் யாரோ தூக்குவது போலத்தான் தெரியும். சாலை மோசமாக இருக்கும் இடமெல்லாம் திரை எரிந்து எரிந்து அணையும். நீங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கவனிக்க மாட்டீர்கள். அந்த வசதியையும், இரண்டு தட்டு தட்டினால் எழும் வசதியையும் ரைடு நாளில் அணைத்துவிடுங்கள். சட்டையின் பின்பையில் வியர்வை நனைந்த துணி திரையில் பட்டாலும் இதே கதைதான். ஜிப்லாக் உறையில் போட்டு, திரை வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள்.

டார்க் மோடு பற்றி ஒரு வார்த்தை. ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி என்றால் அணைந்த புள்ளி, அதனால் மிச்சமாகும். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் முழுதாக எரிந்துகொண்டிருக்கும். அதில் டார்க் மோடு கண்ணுக்கு இதம், சார்ஜுக்கு ஒன்றுமில்லை.

அறிகுறி: ஊருக்குள் சரியாக இருந்தது, மலை ஏறியதும் மடமடவென இறங்குகிறது

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏற டவர் கோடுகள் ஒவ்வொன்றாக விழும். அங்கே போனைச் சட்டைப் பையை விட்டு எடுக்காமலே மணிக்கு 11 சதவீதம் போனது எனக்கு. சமவெளியில் அதே நிலையில் 5.

டவர் தூரமாகப் போகப் போக, போன் உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. பக்கத்தில் டவர் இருந்தால் மிகச் சிறிய சக்தியில் பேசி முடித்துவிடும். மலை மறைத்தால் தன் உச்ச சக்திக்குப் போகும், அதுவும் போதாமல் தகவல் பாதியில் அறுந்து மறுபடி மறுபடி அனுப்பும். டவரே இல்லாத இடத்தில் நிலைமை இன்னும் மோசம்: எல்லா அலைவரிசைகளிலும் தேடித் தேடிப் பார்க்கும். இரண்டு சிம் போட்டிருந்தால் தேடலும் இரண்டு.

செய்ய வேண்டியவை, எளியதிலிருந்து கடினமானதற்கு:

இரண்டாவது சிம்மை அணையுங்கள். 5ஜி-யை விட்டு 4ஜி-க்கு மாற்றி வையுங்கள். நெடுஞ்சாலையில் 5ஜி வந்து வந்து போகும் இடங்களில் போன் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். மலை அடிவாரத்துக்கு வரும்போது ஃப்ளைட் மோடு போடுங்கள்.

ஃப்ளைட் மோடில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா என்று கேட்காதவர் இல்லை. இப்போதைய போன்களில் செய்யும். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதைக் கேட்பதற்கு டவர் எதற்கு? ஒரே ஒரு எச்சரிக்கை: பதிவைத் தொடங்கி, இடம் சரியாகப் பிடிபட்ட பிறகு ஃப்ளைட் மோடுக்குப் போங்கள். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை இணையம் இருந்தால் போன் சட்டென்று வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அதை ஒவ்வொரு செயற்கைக்கோளிடமிருந்தும் மெதுவாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றிடமிருந்து ஒருமுறை முழுதாக வாங்கவே சுமார் அரை நிமிடம், மரநிழலில் அது அறுந்து போனால் மறுபடி முதலிலிருந்து. மேப்பையும் வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். அடிவாரத்தில் நின்று இறக்க முயன்றால் அந்தப் பதிவிறக்கமே சார்ஜைக் குடித்துவிடும்.

வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேர நேரடி இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புகிறோமே, டவர் குறைந்த இடத்தில் அதுதான் பெரிய செலவு. வீட்டில் இருப்பவர்களின் கவலை எனக்குப் புரியும். அந்தப் பதினோரு அழைப்புகளை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு, கன்ட்ரோல்களை (ஓட்டத்தின் வழியில் கடந்ததைப் பதிவு செய்யும் இடங்கள்) வைத்து அம்மாவிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். "அம்மா, ஒவ்வொரு கன்ட்ரோலிலும் செய்தி போடுவேன். மலையில் இருந்து இத்தனை மணிக்குள் இறங்கிவிடுவேன். அதையும் தாண்டி ஒரு மணி நேரம் ஆனால் மட்டும் கவலைப்படு." ஓடிக்கொண்டே இருக்கும் நீலப் புள்ளியைவிட இது அவருக்கும் நிம்மதியாக இருக்கிறது. புள்ளி நின்றுவிட்டால் சார்ஜ் போனதா, ஆள் விழுந்துவிட்டானா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அறிகுறி: போன் கொதிக்கிறது, திரை தானாக மங்குகிறது, சார்ஜ் ஏற மறுக்கிறது

நம் ஊர் ரைடர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும்.

லித்தியம் பேட்டரியை சுமார் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதற்குக் கேடு. அதனால் அந்த எல்லையை நெருங்கும்போது போன் தானே சார்ஜைக் குறைக்கும், பிறகு நிறுத்தும். ஐபோனை 35 டிகிரி வரையிலான காற்று வெப்பத்தில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. கத்திரி வெயிலில் வேலூர், திருத்தணிப் பக்கம் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். அந்த வெயிலில் கறுப்புப் போன், ஹேண்டில்பாரில், திரை முழு வெளிச்சத்தில், அதற்கு மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த உறையில். உறைக்குள் காற்றும் போகாது, சூடும் வெளியே வராது. அதோடு சார்ஜும் போட்டால் உள்ளேயிருந்தும் சூடு.

மரக்காணத்தில் நடந்தது இதுதான் என்று பிறகு சோதித்துக் கண்டுபிடித்தேன். மதியம் புதுச்சேரியை நெருங்கும்போது போன் சூடாகிச் சார்ஜ் வாங்குவதை நிறுத்தியிருக்கிறது. யாரும் மின்சாரம் வாங்கவில்லை என்று பார்த்த பவர் பேங்க் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. வெயில் தாழ்ந்து போன் ஆறிய பிறகு இரண்டையும் மறுபடி எழுப்ப யாரும் இல்லை. கேபிள் சொருகியிருக்கிறது என்ற நம்பிக்கையில் நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு கருவிகளும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சரியாகத்தான் நடந்தன.

இப்போது செய்வது: சார்ஜ் போடும் நேரத்தைப் பிரித்துவிட்டேன். காலை பத்து மணி வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும் ஓட்டிக்கொண்டே சார்ஜ். இடையில் நிழலில் நிற்கும்போது மட்டும். பவர் பேங்கோடு போனை ஒட்டி ஒரே பையில் திணிப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று சூடாக்கும். காந்தத்தில் ஒட்டிக் கம்பியில்லாமல் ஏற்றும் பவர் பேங்க் பார்க்க அழகு, ஆனால் அந்த முறையில் வீணாகும் மின்சாரம் எல்லாம் போனின் முதுகில் சூடாகத்தான் இறங்குகிறது. நம் வெயிலுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே கொதித்துவிட்டால்: கேபிளை உருவுங்கள், உறையைக் கழற்றுங்கள், திரையை அணையுங்கள், நிழலில் காற்று படும்படி வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஐஸ் பையில் வைக்காதீர்கள், இளநீர்க் கடைக் குளிர்பெட்டிக்குள் போடாதீர்கள். சூடான கண்ணாடிக்குள் ஈரம் வியர்க்கும். சார்ஜைக் காப்பாற்றப் போய்ப் போனையே இழப்பீர்கள்.

அறிகுறி: 20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது, போட்டோ எடுக்கப் போனேன், அணைந்துவிட்டது

பேட்டரிக்கு வயதாகிவிட்டது. வயதான பேட்டரியில் மின்சாரம் இருக்கும், ஆனால் சட்டென்று நிறையக் கேட்டால் கொடுக்க முடியாது. உள்ளே தடை கூடியிருக்கும். கேமரா திறப்பது, முழு வெளிச்சம், டவர் இல்லாத இடத்திலிருந்து அழைப்பு, இவை ஒரு நொடியில் பெரிய அளவு கேட்கும். அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அதனால்தான் கேபிளைச் சொருகியதும் மறுபடி 15, 18 என்று காட்டும்.

வீட்டில் சோதிக்கலாம். 25 சதவீதத்துக்கு இறங்க விட்டு, திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, வீடியோ எடுங்கள். ஐந்து நிமிடத்தில் அணைந்தாலோ, எண் படி தவறித் தாவித் தாவி இறங்கினாலோ சந்தேகம் உறுதி. ஐபோனில் பேட்டரி ஆரோக்கியம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். பவர் பேங்குக்குக் கொடுக்கும் பணத்தைப் பேட்டரி மாற்றக் கொடுங்கள்.

மாற்றும் வரை, அந்த போனின் 30 சதவீதத்தை உங்கள் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்மூடி லேசாக எழும்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் பிளவு தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அந்தப் போனைச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ரைடுக்கும் எடுத்துப் போகாதீர்கள்.

குளிரும் இதே வேலையைச் செய்யும், நல்ல பேட்டரிக்கும். உதகையில் டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் புல்லில் உறைபனி படியும். அங்கே இறக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டு ஹேண்டில்பாரில் வந்த போன் 40-ல் அணைந்தால் பயப்பட வேண்டாம். ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும்.

அறிகுறி: பவர் பேங்க் இருக்கிறது, கேபிள் இருக்கிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை

வரிசையாகப் பாருங்கள், வரிசை முக்கியம்.

கேபிளை உருவிச் சொருகுங்கள், பவர் பேங்கின் பொத்தானை அழுத்துங்கள். ஏறினால், மேலே சொன்ன தானே அணையும் பழக்கம்தான். போன் 100 தொட்டுவிட்டாலும் இது நடக்கும்: மின்சாரம் வாங்குவது குறைந்ததும் பவர் பேங்க் தூங்கிவிடும், பிறகு போன் 60-க்கு இறங்கினாலும் எழாது. காலையில் 100-ல் கிளம்பும்போதே சொருகிவிடுவது வீண். 50-க்கு வந்த பிறகு சொருகுங்கள். கைக்கடிகாரம், சின்னப் பின்விளக்கு போன்றவை வாங்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் அவற்றைச் சாதனமாகவே மதிக்காது. பொத்தானை இருமுறை அழுத்தினால் குறைந்த மின்சார முறைக்குப் போகும் வகையும் உண்டு.

அது இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். இரண்டாவது கேபிள் இல்லாமல் 300 கிளம்பாதீர்கள். எடை ஒரு வாழைப்பழம்கூட இல்லை. கடலோரச் சாலையில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து கேபிள் முனையில் கறுப்பாகவோ பச்சையாகவோ படியும். ஒரு மீட்டர் கேபிள் பையில் மடங்கி மடங்கி உள்ளே அறும். ஒரு சாண் கேபிள், முனை செங்கோணத்தில் வளைந்தது, டாப் டியூப் பைக்கு அதுதான் சரி.

புதுக் கேபிளும் லொடலொடவென்று ஆடுகிறதா? அப்படியானால் போனின் துளைதான். சட்டைப் பைப் பஞ்சு உள்ளே போய், ஒவ்வொரு முறை சொருகும்போதும் அமுங்கி அமுங்கிக் கட்டியாகியிருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம். எடுக்கும்போது இவ்வளவா என்று இருக்கும்.

மழையில் நனைந்து, ஈரம் இருப்பதாகத் திரையில் எச்சரிக்கை வந்தால் அதை மீறாதீர்கள். துளை கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் தட்டி, காற்றில் விடுங்கள். நம் வீடுகளில் போனை அரிசிப் பானையில் புதைப்பார்கள். அரிசித் தூசி துளைக்குள் போகும், அப்படிச் செய்ய வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. அவசரம் என்றால், கம்பியில்லாச் சார்ஜ் அப்போதுதான் உதவும்.

அறிகுறி: 10,000 என்று போட்டிருக்கிறது, 5,000 போனை இரண்டு தடவை ஏற்றவில்லை

ஏமாற்று இல்லை, கணக்கு. அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லுக்கு, 3.7 வோல்ட்டில். அதாவது 37 வாட்-மணி. யூஎஸ்பி-க்கு அதை 5 வோல்ட்டாக ஏற்ற வேண்டும், போன் அதை மறுபடி தன் பேட்டரிக்கு இறக்க வேண்டும். இரண்டு இடத்திலும், நடுவில் கேபிளிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகப் போகும். சுமார் மூன்றில் இரண்டு பங்கு வந்து சேரும் என்று வையுங்கள், 24 வாட்-மணி. 5,000 எம்ஏஎச் போன் சுமார் 19. ஆக, ஒன்றேகால் தடவை. பவர் பேங்கின் முதுகில் சின்ன எழுத்தில் இன்னோர் எண் இருக்கும், 5,800 அல்லது 6,000 என்று; 5 வோல்ட்டில் வெளியே வருவது அதுதான்.

மணிக்கு 5 சதவீதம் செலவு செய்பவருக்கு, 600 கிலோமீட்டரின் 40 மணி நேரத்துக்கு 200 சதவீதம் வேண்டும். போனில் 100, இதில் 125. முன்விளக்குக்கும் இதிலிருந்தே கொடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் பெரிதாக யோசியுங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் பல, முன்னூற்றைம்பது கிராமுக்கு மேல். கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் நீங்கள்தான்.

சாப்பிட நிற்கும் இடத்தில் சுவரில் சொருகும்போது இன்னொன்றை நினைவில் வையுங்கள். வேகச் சார்ஜர் கீழ்ப் பாதியில்தான் வேகம். 80-க்கு மேல் ஊர்ந்துதான் போகும். 25-ல் இருக்கும் போனுக்கு அரை மணி நேரத்தில் நிறையக் கிடைக்கும், 80-ல் இருக்கும் போனுக்கு அதே அரை மணியில் சொற்பம். ஆகவே நிற்கும் இடங்களைக் கணக்கிட்டு, போனைக் கொஞ்சம் இறங்க விட்டே கொண்டு போகலாம். உட்கார்ந்ததும் தோசை சொல்வதற்கு முன் சொருகுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு நினைவு வந்து சொருகியவர்கள்தான் கடை வாசலில் நேரம் இழக்கிறார்கள். கிளம்பும்போது சார்ஜரை மறக்காமலிருக்க, நான் ஹெல்மெட்டைச் சார்ஜர் பக்கத்திலேயே வைப்பேன்.

முன்சக்கர அச்சில் டைனமோ வைத்தவர்களுக்கு ஒரு வரி: அது 6 வோல்ட், 3 வாட் அளவு, சமவெளியில் நல்ல வேகத்தில் போனால் போனுக்குப் போதும். மலையில் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஏறும்போது சார்ஜ் வந்து வந்து அறுந்து, ஒவ்வொரு முறையும் திரை விழித்துக்கொண்டு, வருவதைவிடச் செலவு அதிகமாகும். நேரே போனுக்குக் கொடுக்காமல், ஏற்றிக்கொண்டே கொடுக்கக்கூடிய பவர் பேங்கை நடுவில் வையுங்கள்.

அறிகுறி: சார்ஜ் மிச்சம் இருக்கிறது, ரைடு பதிவு பாதியில் அறுந்திருக்கிறது

இது சார்ஜைச் சேமிக்கப் போய் வருவது. மேப்பில் பார்த்தால் உங்கள் பாதை ஏரிக்கு நடுவே நேர்கோடாகப் போயிருக்கும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு முறை, பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்தும். சில நிறுவனங்களின் போன்கள் அந்த முறை இல்லாமலே, திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடும். அமைப்புகளில் பதிவுச் செயலியைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் "கட்டுப்பாடு இல்லை" என்று மாற்றுங்கள். இருப்பிட அனுமதியையும் பாருங்கள். இதை வீட்டில் செய்து, ஒரு சின்ன ரைடில் திரையை அணைத்தபடி பதிவாகிறதா என்று உறுதி செய்யுங்கள். பதிவைச் சான்றாகக் காட்ட வேண்டிய ஓட்டம் என்றால், ஒவ்வொரு கன்ட்ரோலிலும் சைக்கிளோடு ஒரு படமும், நேரம் அச்சான பில் ஒன்றும் எடுத்து வையுங்கள்.

அறிகுறி: 8 சதவீதம், இருட்டிவிட்டது, பவர் பேங்கும் காலி

பதிவை நிறுத்திச் சேமியுங்கள். சேமிக்காமல் போன் அணைந்தால் அந்த நாளின் தடமே கெட்டுப்போகலாம். பிறகு வீட்டுக்கு ஒரு செய்தி: எந்த ஊர்ப் பக்கம் இருக்கிறேன், அடுத்து எங்கே நிற்பேன், போன் அணையப் போகிறது. மூன்றும் ஒரே செய்தியில். கூட ஓட்டுபவர் யாராவது இருந்தால் அவர் எண்ணையும் அனுப்புங்கள். மீதி வழியை ஒருமுறை பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு, போனை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். ஃப்ளைட் மோடில் விடுவதைவிட இது பாதுகாப்பு. மறுபடி எழும்போதும் கொஞ்சம் சார்ஜ் குடிக்கும், ஆகவே மணிக்கொரு முறை எழுப்பிப் பார்க்காதீர்கள். போனின் டார்ச்சைச் சாலை விளக்காக நம்பாதீர்கள். அந்த 8 சதவீதம் 112-க்கோ 108-க்கோ ஓர் அழைப்பு போட.

ஹேண்டில்பார் பையில் நானூறு, ஐநூறு ரூபாய் சில்லறை நோட்டாக. மூன்று தொலைபேசி எண்கள், ரத்த வகை, ஒரு அட்டையில் எழுதி. எல்லாக் கடையிலும் யூபிஐ இருக்கிறது என்பதால் காசு கொண்டு போகும் பழக்கமே நமக்கு விட்டுப்போனது. அடுத்த மாதம் நான் மரக்காணத்தில் நின்று பழைய பாக்கியைக் கொடுத்தது நோட்டாகத்தான். அக்காவுக்கு என் முகம் நினைவிருந்தது.

வீடு வந்ததும்

குளிக்கப் போவதற்கு முன், சார்ஜில் போடுவதற்கும் முன், அமைப்புகளில் பேட்டரிப் பயன்பாட்டைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். எந்தச் செயலி எவ்வளவு குடித்தது, திரை எத்தனை மணி நேரம் எரிந்தது என்று அங்கே இருக்கும். முழு சார்ஜ் ஏறியதும் அந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் போன்கள் உண்டு. மறுநாள் பார்த்தால் ஒன்றும் இருக்காது.